வாரச் சாமான் வாங்கும் முன்: மட்ட அரிசியா பொன்னியா, சாளையா நெய்மீனா?

அப்பாவுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 8.1 என்று ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "வாரத்துக்கு வீட்டுக்கு என்னென்ன வாங்குவீங்க, எவ்வளவு வாங்குவீங்க?" அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அரிசியைச் சாக்காக வாங்குகிறோம், தீர்ந்தால் அடுத்த சாக்கு. காய் சந்தையில் கண்ணில் படுவது. மீன் வாசலுக்கு வருவது. இவ்வளவுதான் எங்கள் கணக்கு.

அதனால் அடுத்த சனிக்கிழமை நாகர்கோவில் வடசேரிச் சந்தையிலிருந்து வாங்கி வந்த எல்லாவற்றையும் அடுக்களைத் தரையில் பரப்பி ஒவ்வொன்றாக எடை போட்டேன். பழைய ரசீதுகளையும் தேடி எடுத்தேன். வீட்டில் நாங்கள் நாலு பேர், நாலு பேரும் பெரியவர்கள். 25 கிலோ அரிசிச் சாக்கு 19 நாளில் தீர்ந்திருந்தது. அதாவது வாரத்துக்கு 9 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆப்பத்துக்கும் புட்டுக்கும் வாங்கும் பச்சரிசி தனி. காய்கறி மொத்தம் நாலரைக் கிலோ, அதில் ஒரு கிலோ உருளைக்கிழங்கு. பயறு, பருப்பு எல்லாம் சேர்த்து முக்கால் கிலோ.

ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் புதிய உணவு வழிகாட்டியை வெளியிட்டது. 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம் என்று அதில் போட்டிருக்கிறது. வயதுக்கும் வேலைக்கும் தக்கபடி இது கூடும் குறையும். ஆனாலும் நாலு பேருக்கு, ஏழு நாளுக்கு என்று பெருக்கிப் பாருங்கள். தானியம் 7 கிலோ. காய்கறி 11 கிலோவுக்கு மேல். பருப்பும் மீனும் முட்டையும் சேர்ந்து 2 கிலோ 400 கிராம் போல.

எங்கள் வீட்டுக் கணக்கு அப்படியே தலைகீழாக இருந்தது. எந்த அரிசி நல்லது என்று இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்த நான், அரிசிக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அதுவரை பார்க்கவே இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு சாமானாக மாற்றி வாங்கிப் பார்த்தோம். எதை எதோடு ஒப்பிட்டோம், கடைசியில் எதை எடுத்துக்கொண்டோம் என்று எழுதுகிறேன்.

அரிசி

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அரிசிக்குப் பஞ்சமில்லை. நாஞ்சில் நாட்டு வயலில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், விளைகிறது. திருப்பதிசாரத்தில் நெல் ரகங்களை ஆராயும் நிலையமே நம்மிடம் இருக்கிறது. ஆனால் கடையில் போய் நின்றால் கேள்வி மூன்றாகச் சுருங்கிவிடும். சிவப்பு மட்ட அரிசியா, பொன்னி புழுங்கலா, ரேஷன் அரிசியா?

மட்ட அரிசியின் சிவப்பு அதன் தவிட்டில் இருக்கிறது. நாரும் கூடுதல் சத்தும் அந்தத் தவிட்டில்தான். மில்லில் தீட்டத் தீட்ட நிறமும் போகும், நாரும் போகும். அதனால் மட்ட அரிசி என்று பெயர் சொன்னாலும் எல்லாம் ஒன்றில்லை. ஒரு கைப்பிடி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். சில அரிசியில் சிவப்பு ஒவ்வொரு மணியிலும் முக்கால் பாகத்துக்குப் படர்ந்திருக்கும். சிலவற்றில் வெள்ளை மணியில் அங்கங்கே ஒரு கோடு மட்டும் ஓடும். விலை இரண்டுக்கும் பெரிதாக வித்தியாசம் இருக்காது. முதலாவதை எடுங்கள். கழுவும்போது முதல் இரண்டு தண்ணீர் கலங்கலாகச் சிவப்பது இயல்பு. நாலாவது தண்ணீரிலும் சாயம்போல இறங்கி, அரிசி வெளுத்துக்கொண்டே வந்தால் அந்தக் கடைக்கு மறுபடி போக வேண்டாம்.

மட்ட அரிசியின் குறை, வேக நேரம் எடுக்கும் என்பது. ஊற வைக்காமல் போட்டால் கேஸ் தீரும். அம்மா இப்போது இரவே ஊற வைத்துவிடுகிறாள். இரண்டாவது குறை, சாம்பாருக்கும் ரசத்துக்கும் அது அவ்வளவாக ஒட்டாது. மீன் குழம்புக்கும், தேங்காயை வறுத்தரைத்து வைக்கும் தீயலுக்கும் அதைப் போல வேறு அரிசி கிடையாது. நிறைய மெல்ல வேண்டியிருப்பதால் அப்பா தானாகவே ஒரு கரண்டி குறைத்துக்கொண்டார். யாரும் சொல்லவில்லை, வயிறு நிறைந்துவிட்டது என்றார்.

பொன்னி புழுங்கல் மோசமான அரிசி இல்லை. நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமின் கொஞ்சம் மணிக்குள் இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் அது முழுக்கப் போகாது. அந்த வகையில் பச்சரிசிச் சோற்றைவிடப் புழுங்கலரிசிச் சோறு மேல். ஆனால் பொன்னிச் சோறு வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும், எவ்வளவு சாப்பிட்டோம் என்று தெரியாது.

ரேஷன் அரிசி பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு இது இலவசம். இதை வாங்கி அப்படியே மாட்டுக்குப் போடுகிற வீடுகளை எனக்குத் தெரியும். 2023 முதல் இதில் செறிவூட்டிய அரிசி கலந்து வருகிறது. 100 மணிக்கு ஒரு மணி என்ற கணக்கில், அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து அரிசி வடிவில் வார்த்த மணிகள் அவை. கழுவும்போது சில மணிகள் மேலே மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கிப் போட்டவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. சத்தே அதில்தான் இருக்கிறது, பொறுக்காதீர்கள். நாங்கள் அதை இப்போது இட்லி தோசைக்கு முழுதாகப் பயன்படுத்துகிறோம். உளுந்தைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டால் மாவு நன்றாகவே வருகிறது.

அப்புறம் சிறுதானியம். ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு நாகர்கோவிலில் எந்தக் கடைக்குப் போனாலும் சாமை, தினை, வரகு எல்லாம் பொட்டலத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அரிசியை விட்டுவிட்டு முழுக்க இதற்கு மாறிவிடலாமா என்று நானும் யோசித்தேன். சென்னையில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2025-இல் வந்தது. நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது அது. தீட்டிய தானியத்துக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ சாப்பிட்டால் மட்டும் சர்க்கரை நோய் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மொத்த மாவுச்சத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால் போன்ற புரதம் வரும்போதுதான் ஆபத்து குறைகிறது என்று அதில் சொல்கிறார்கள்.

இதைப் படித்த பிறகு அரிசித் தேடலை நிறுத்திவிட்டேன். எங்கள் முடிவு: மட்ட அரிசி வாரத்துக்கு 5 கிலோ, ரேஷன் அரிசி ஒன்றரைக் கிலோ, கேழ்வரகு மாவு அரைக் கிலோ. கேழ்வரகை வைத்துக்கொண்டதற்குக் காரணம் சுண்ணாம்புச் சத்து. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, அரிசி அதற்குப் பக்கத்தில்கூட வராது. அம்மாவுக்கு முட்டு வலி. காலையில் கேழ்வரகுப் புட்டு அவளுக்குப் பிடித்தும் போய்விட்டது.

மரச்சீனி காய்கறியா?

இதற்குத்தான் வீட்டில் பெரிய வாக்குவாதம். அப்பாவுக்கு மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும், சாளை என்கிற மத்தி மீன் குழம்பும் என்றால் உயிர். அது கிழங்குதானே, காய்கறிக் கணக்கில் வைக்கலாமே என்பது அவர் வாதம்.

மரச்சீனி நம் ஊருக்கு வந்ததே சோற்றுக்குப் பதிலாகத்தான். திருவிதாங்கூரில் இதைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப்போரில் 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போய், அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது மலையோரத்திலும் கடலோரத்திலும் மக்கள் உயிர் பிடித்து வைத்தது இந்தக் கிழங்கால். 1956 வரை நாமும் திருவிதாங்கூரோடு இருந்தவர்கள் என்பதால் அந்தப் பழக்கம் நம் அடுக்களையில் அப்படியே தங்கிவிட்டது. என் ஆச்சி சோறு என்று சொன்னால் அதில் மரச்சீனியும் அடக்கம்.

ஆகவே கணக்கிலும் அது சோறுதான். 100 கிராம் கிழங்கில் மாவுச்சத்து 38 கிராம் இருக்கிறது, புரதம் ஒன்றரை கிராம்கூட இல்லை. சோற்றில் இருக்கிற கொஞ்சப் புரதம்கூட இதில் கிடையாது. இதனால்தான் நம்மவர்கள் மரச்சீனியைத் தனியாகச் சாப்பிடுவதில்லை, மீனோடு சாப்பிடுகிறார்கள். நாக்கு கண்டுபிடித்த ஜோடியை ஊட்டச்சத்து அட்டவணையும் சரி என்கிறது. எங்கள் வீட்டில் ஆன சமரசம் இது: வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை மதியம், மரச்சீனியும் மீனும். அன்று சோறு வடிப்பதில்லை. அப்பாவுக்கு அளவு ஒரு கிண்ணம். மீனுக்கு அளவு சொல்லவில்லை.

வாங்கும்போது நுனியை ஒடித்துப் பாருங்கள். பட்டென்று ஒடிந்து உள்ளே பால் வெள்ளையாக இருக்க வேண்டும். நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடினால் பிடுங்கி நாளாகிவிட்டது என்று அர்த்தம். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது, அதனால் வாரச் சாமானோடு சேர்த்து வாங்காமல் சமைக்கிற அன்றைக்கோ முந்தின நாளோ வாங்குவது நல்லது. வேக வைத்த முதல் தண்ணீரைக் கண்டிப்பாக வடித்துவிட வேண்டும். கிழங்கில் இயல்பாக இருக்கும் சயனைடு சார்ந்த நச்சு அந்தத் தண்ணீரோடு பெருமளவு போய்விடும். நம் ஆச்சிமார் இதை யாரும் சொல்லாமலே செய்துவந்தார்கள். இப்போது குக்கரில் போட்டு அப்படியே எடுக்கிறவர்களைப் பார்க்கும்போது பதறுகிறது.

சாளை, நெத்திலி, நெய்மீன்

எல்லா ஒப்பீட்டிலும் எனக்குச் சந்தேகமே இல்லாமல் முடிவானது இதுதான். நம் கடலோரத்தில் இருந்துகொண்டு சிறு மீனை விட்டுவிட்டு வாரத்துக்கு ஒரு நாள் நெய்மீன் (வஞ்சிரம்) வாங்குவது பணத்துக்கும் கேடு, உடம்புக்கும் பெரிய லாபமில்லை.

நெய்மீன் துண்டு அழகாக இருக்கும், முள் இருக்காது, விருந்தாளி வந்தால் மரியாதை. சரி. ஆனால் சாளையில் இருக்கிற ஒமேகா 3 கொழுப்பு இதயத்துக்கு நல்லது என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள், அந்தக் கொழுப்பு சாளையில் நிறைய. புரதம் இரண்டிலும் 100 கிராமுக்கு 20 கிராம் அளவுக்கு இருக்கிறது, ஏறக்குறைய சமம். நெத்திலியை முள்ளோடு மென்று சாப்பிடுவதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். பெரிய மீன்கள் பல வருஷம் வாழ்ந்து, சிறு மீன்களைத் தின்று வளர்வதால் அவற்றின் உடம்பில் பாதரசம் சேர்கிறது. சுறா, பெரிய சூரை, பெரிய நெய்மீன் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். பிள்ளைத்தாய்ச்சிகள் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சாளைக்கும் நெத்திலிக்கும் அந்தப் பயம் மிகக் குறைவு. பெரும்பாலான நாட்களில் ஒரு கிலோ நெய்மீன் காசுக்குச் சாளை இரண்டு மூன்று கிலோ வரும்.

எங்கள் தெருவுக்கு முட்டத்திலிருந்து ஒரு அக்கா மீன் கொண்டுவருவார். வட்டியை, அதாவது மீன் கூடையை, திண்ணையில் இறக்கி வைத்து, சாளையின் செவுளை நகத்தால் தூக்கிக் காட்டுவார். உள்ளே ரத்தச் சிவப்பு. "கண்ணப் பாரு மக்களே, உன்னய பாத்துட்டுல்லா கெடக்கு" என்பார். அவர் சொல்வதுதான் சோதனை. கண் தெளிவாகப் பிதுங்கி இருக்க வேண்டும், குழி விழக் கூடாது. விரலால் அமுக்கினால் பள்ளம் உடனே எழும்ப வேண்டும். சாளை சீக்கிரம் வயிறு உடையும் மீன். வயிறு கிழிந்த சாளை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

எப்படிச் சமைக்கிறோம் என்பதும் இதில் சேரும். அதே சாளையை எண்ணெயில் மூழ்கப் பொரித்தால் நாம் தேடிப் போன நன்மையில் பாதி எண்ணெயோடு போகும். குழம்பு, புளியும் மிளகாயும் சேர்த்த புளிமுளம், வாழை இலையில் சுருட்டிச் சுட்டது, இவை மூன்றும் போதும். கருவாட்டை நாங்கள் மாதம் இரண்டு முறைக்குக் குறைத்துவிட்டோம். அதில் உப்பு அப்படி. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புதான் என்னும்போது ஒரு துண்டு கருவாடும் இரண்டு பப்படமும் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

பயறும் பருப்பும்

மீன் சாப்பிடாதவர்களுக்கும், மீன் கிடைக்காத நாளுக்கும். துவரம்பருப்பு, சிறுபயறு, பெரும்பயறு, காணம் (கொள்ளு), கொண்டைக்கடலை எல்லாவற்றிலும் 100 கிராமுக்குப் புரதம் ஏறக்குறைய 20 முதல் 24 கிராம். அப்படியானால் எதை வாங்கினாலும் ஒன்றுதானே என்று தோன்றும். வித்தியாசம் தட்டில் தெரியும்.

நாலு பேருக்குச் சாம்பார் வைக்க அம்மா 100 கிராம் துவரம்பருப்பு போடுவாள். அது கரைந்து, தண்ணீரோடு தண்ணீராகி, ஒரு ஆளுக்கு 25 கிராம் வரும். அதிலும் பாதி மறுநாளைக்கு மிஞ்சும். கஞ்சிக்குப் பயறு வைத்தால் அப்படி இல்லை. பயறு கரையாது, தேங்காயும் சீரகமும் சதைத்துப் போட்ட அந்தப் பயறைக் கரண்டி கரண்டியாக அள்ளிச் சாப்பிட வேண்டும். ஒரு ஆளுக்கு 50 கிராம் சாதாரணமாகப் போய்விடும். தோல் நீக்காததால் நாரும் கூடுதல். கஞ்சியும் பயறும் என்று நம் வீடுகளில் இரவுச் சாப்பாடாக இருந்ததை நாங்களே பரோட்டாவுக்கும் சப்பாத்திக்கும் விட்டுக்கொடுத்திருந்தோம். இப்போது திங்கள், வியாழன் இரவு கஞ்சியும் சிறுபயறும். ஞாயிறு காலை புட்டுக்குக் கடலை. பெரும்பயறும் தடியங்காயும் (வெண்பூசணி) போட்டு ஒரு நாள் கூட்டு.

துவரம்பருப்பை ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள், அதை வாங்கிக்கொள்ளுங்கள். வெளிக்கடையில் கொடுக்கும் காசைப் பயறுக்குச் செலவிடலாம். ரேஷன் பருப்பு நாலு பேருக்கு ஒரு மாதச் சாம்பாருக்கு அநேகமாகச் சரியாக இருக்கும்.

முட்டையும் இந்தக் கணக்கில் வரும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். நாட்டு முட்டையா, வெள்ளை முட்டையா என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். புரதத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது, விலையில்தான் இருக்கிறது.

எண்ணெயும் தேங்காயும்

இதைத் தேங்காய் விளையும் மண்ணில் இருந்துகொண்டு எழுதுவது கஷ்டம். ஈத்தாமொழி நெட்டைத் தேங்காய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டம் நம்முடையது. தேங்காய் எண்ணெய் இல்லாமல் அவியல் கிடையாது. ஆனால் தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 90 சதவீதத்துக்குக் கிட்ட. பாமாயிலில் பாதி அளவு. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குள், நல்லெண்ணெயில் அதிலும் குறைவு. கெட்ட கொலஸ்ட்ரால் கூடுதலாக இருப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். செக்கில் ஆட்டியது என்பதால் இந்த விகிதம் மாறாது. மணமும் ருசியும் மாறும், கலப்படம் இல்லை என்ற நிம்மதி கிடைக்கும்.

எங்களுக்குப் புதிதாகப் புரிந்த விஷயம், எண்ணெய்ப் பாட்டிலை மட்டும் அளந்தால் போதாது என்பது. துருவிய தேங்காயில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. அவியலுக்கு அரைத்தது, மீன் குழம்புக்கு அரைத்தது, துவரனில் (தேங்காய் போட்ட பொரியலில்) தூவியது என்று நாளொன்றுக்கு ஒரு முழுத் தேங்காய் போய்க்கொண்டிருந்தது. தேங்காயில் நாரும் வேறு சத்தும் இருக்கிறது, அதை விட நான் சொல்ல மாட்டேன், எங்களாலும் முடியாது. இப்போது நாளைக்குப் பாதித் தேங்காய். ஒரே வேளையில் இரண்டு தேங்காய் அரைத்த கறி வைப்பதில்லை. மீன் குழம்பில் அரைத்தால் துவரனில் தூவல் மட்டும். எண்ணெய் நாலு பேருக்கு வாரம் 800 மில்லிக்குள். தாளிக்கவும் தோசைக்கும் நல்லெண்ணெய், அவியலுக்கும் மீனுக்கும் தேங்காய் எண்ணெய். 2025-இல் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியபோது பல வீடுகளில் பாமாயிலுக்கு மாறினார்கள். அதைவிட அளவைப் பாதியாக்கி நல்ல எண்ணெயாகவே வாங்கியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

11 கிலோ காய்

11 கிலோவா என்று அம்மா வாயில் கை வைத்தாள். உழவர் சந்தைக்கு ஒரு கட்டைப்பை கொண்டுபோகிறவள், இப்போது இரண்டு கொண்டுபோக வேண்டும்.

சூப்பர் மார்க்கெட்டில் இந்த அளவுக்கு வாங்கினால் கையைக் கடிக்கும். அங்கே கேரட், பீன்ஸ், காலிஃபிளவர், குடைமிளகாய் என்று அடுக்கி வைத்திருப்பதில் பெரும்பகுதி வெளியூரிலிருந்து வருவது, விலையும் அதற்குத் தகுந்தபடி. வடசேரியிலும் அப்டா மார்க்கெட்டிலும் காலையில் போனால் தடியங்காய், வெள்ளரிக்காய், புடலங்காய், வழுதலங்காய் (கத்தரிக்காய்), பப்பாளிக்காய், வாழைக்கூம்பு, வாழைத்தண்டு எல்லாம் கிடைக்கும். இவை எடை நிற்கும் காய்கள். ஒரு தடியங்காய்க் கீற்றே ஒன்றரைக் கிலோ வரும். இவற்றில் நீரும் நாரும் அதிகம், மாவுச்சத்து குறைவு, சர்க்கரை உள்ளவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? சேனை, சேம்பு, காய்ச்சில், சிறுகிழங்கு எல்லாம் மரச்சீனிக்குத் தங்கச்சிமார். அவற்றைக் காய்க் கணக்கில் பாதியாகத்தான் எழுதுகிறோம்.

கீரை வாரத்துக்கு ஐந்து கட்டு. முருங்கைக்கீரைக்கு நாங்கள் காசு கொடுப்பதில்லை, பின்பக்கம் மரம் நிற்கிறது. உங்கள் வீட்டில் ஒரு முழம் மண் இருந்தால் ஒரு கம்பை ஊன்றி வையுங்கள். சக்கைக் காலத்தில், அதாவது பலாக் காலத்தில், இடிச்சக்கை என்கிற பலாப்பிஞ்சு வாங்கினால் இரண்டு வேளைக்குத் துவரன் ஆகும்.

வீணாகாமல் இருக்கச் சமைக்கும் வரிசை முக்கியம். ஞாயிறு, திங்கள் கீரையும் வழுதலங்காயும். செவ்வாய், புதன் புடலையும் சீனியவரையும் (கொத்தவரை). வெள்ளிக்கிழமை மிஞ்சிய எல்லாம் சேர்த்து அவியல். அவியலைப் போல மிச்சக் காயை மதிக்கிற கறி வேறு இல்லை.

பழமும் இனிப்பும்

ஆப்பிள் வாங்கிக்கொண்டிருந்தோம், நிறுத்திவிட்டோம். மட்டி, செவ்வாழை, ஏத்தன் (நேந்திரம்), பாளையங்கோடன் என்று இத்தனை வாழை இருக்கும் ஊரில் ஆப்பிளுக்கு என்ன அவசியம்? 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த மட்டிப் பழம் கைக்குழந்தைக்கே முதலில் கொடுக்கும் பழம். சின்னதாக இருப்பதால் அளவும் கட்டுக்குள் நிற்கும். அப்பாவுக்கு ஒரு வேளைக்கு ஒரு மட்டி சரி, ஒரு முழு ஏத்தன் சரியில்லை. ரொம்பப் பழுத்தது வேண்டாம். சந்தையில் பாதிச் சீப்பு பழுத்ததும் பாதிச் சீப்பு காயாகவும் கேட்டு வாங்கினால் வாரம் முழுக்க வரும். கொய்யா கிடைத்தால் அதையும் எடுத்துக்கொள்கிறோம்.

சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் சர்க்கரைக்காரர்கள் குடிக்கலாம் என்று இன்னும் பல பேர் நம்புகிறார்கள். கூடாது. ருசி வேறு, மணம் வேறு, ரத்தத்தில் போய்ச் சேருவது சர்க்கரைதான். மார்த்தாண்டம் தேனுக்கும் இதே பதில்.

ஓட்ஸ் வேண்டுமென்றால் எதுவும் சேர்க்காத வெறும் ஓட்ஸ் வாங்கலாம், மசாலா ஓட்ஸ் பொட்டலம் வேண்டாம். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த வாரப் பை

மட்ட அரிசி 5 கிலோ, கேழ்வரகு மாவு அரை, சிறுபயறு அரை, பெரும்பயறு கால், கொண்டைக்கடலை கால், நல்லெண்ணெய் அரை லிட்டர், முட்டை ஒரு டஜன், காய் 9 கிலோ, கீரை ஐந்து கட்டு, மட்டி இரண்டு சீப்பு. காய் 11 கிலோவை இன்னும் எட்டவில்லை. சாளை இரண்டு நாள், நெத்திலி ஒரு நாள், அதை வாசலில் வாங்கிக்கொள்வோம். மொத்தச் செலவு முன்பு ஆனதைவிட ஏறவில்லை. அரிசியிலும் ஆப்பிளிலும் நெய்மீனிலும் மிஞ்சிய காசு காய்க்குப் போய்விட்டது. மூன்று மாதம் கழித்து அப்பாவுக்கு எடுத்த ரிப்போர்ட்டில் 7.2. மாத்திரையும் நடையும் சேர்ந்துதான் அது, சாப்பாடு மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

கோடை வந்தால் பை மாறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுக்குத் தடை, சின்னமுட்டம் படகுகள் கரையேறும். மேற்கே குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. வள்ளத்தில் போகிறவர்கள் கொண்டுவரும் மீன் இருக்கும், விலை மட்டும் ஏறியிருக்கும். ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் சேர்ந்து தடை. அந்த இரண்டு வாரத்துக்கும் பெரும்பயறு அரைக் கிலோ கூடுதல், முட்டை இன்னொரு டஜன் என்று அம்மா காலண்டரில் இப்போதே எழுதி வைத்திருக்கிறாள்.